ஊர் நூலகமும் உலக மென்பொருளும்: கட்டற்ற மென்பொருளால் உள்ளூர் அமைப்புகள் பெறுவது என்ன?

1999-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளை அவசரமாக ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. இரவல் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் கவனித்துவந்த அதன் பழைய மென்பொருளுக்கு 2000 என்ற ஆண்டைக் கையாளத் தெரியாது. சந்தையில் கிடைத்த மாற்றுகள் பெரிய நூலகங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை, செலவும் அதற்கேற்றபடி பெரியது. நூலகம் வேறு வழியில் போனது. கட்டிபோ கம்யூனிகேஷன்ஸ் என்ற உள்நாட்டுச் சிறு நிறுவனத்தை அழைத்து, தனக்கு வேண்டியதைப் புதிதாகவே எழுதித் தரச் சொன்னது. 2000 ஜனவரியில் புதிய மென்பொருள் வேலை செய்யத் தொடங்கியது.

இதுவரை நடந்தது எங்கும் நடக்கும் வணிகம்தான். அடுத்து அவர்கள் செய்தது அப்படிப்பட்டதன்று. எழுதி முடித்த நிரல் முழுவதையும் குனு பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமையோடு பிறருக்குக் கொடுக்கலாம். அதற்கு வைத்த பெயர் கோஹா. மாவோரி மொழியில் கொடை என்று பொருள், வாங்கியவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற உணர்வும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படித்தான் திருப்பியும் செய்தார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நெல்சன்வில் என்ற சிற்றூரின் பொது நூலகம் கோஹாவை எடுத்துக்கொள்ள விரும்பியது. ஆனால் நூலகங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் ‘மார்க்’ என்ற நூற்பட்டியல் வடிவம் கோஹாவுக்கு அப்போது தெரியாது. அந்த வேலைக்கு நெல்சன்வில் பணம் கொடுத்தது. பிரான்சில் பால் புலான் என்ற நிரலாளர் அதைப் பல மொழிகளில் இயங்கும்படி மாற்றினார். இந்த இரண்டு வசதிகளும் ஹோரோஃபெனுவாவுக்கு மேற்கொண்டு ஒரு காசும் கொடுக்காமல் வந்து சேர்ந்தன. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான நூலகங்களில் கோஹா ஓடுகிறது. ஒரு சிறிய ஊர் நூலகம் தன் ஒரே ஒரு தேவைக்காகச் செலவழித்த பணம் அதற்குத் திருப்பித் தந்ததை, எந்த வங்கி வைப்பும் தந்திருக்காது.

உள்ளூர் அமைப்புகள் ஏன் கட்டற்ற மென்பொருளை நாட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நூலகம், பள்ளி, கூட்டுறவுச் சங்கம், மருத்துவ அறக்கட்டளை, நகராட்சி, இலக்கிய அமைப்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும் இவற்றுக்குப் பொதுவான நிலை ஒன்றுதான்: கையில் பணம் குறைவு, ஆள் குறைவு, ஆனால் பொறுப்பு நீண்டகாலத்துக்கானது. அவற்றின் பதிவேடுகள் இன்றைய நிர்வாகிகள் போன பிறகும் நிலைக்க வேண்டியவை. அப்படிப்பட்ட அமைப்பு எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்பது விலைப்பட்டியலைப் பார்த்து மட்டும் தீர்க்கும் கேள்வியாக இருக்க முடியாது.

இங்கே தமிழுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் சேர்த்துக் குறிப்பதால், இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் நாற்பது ஆண்டுகளாக அந்தக் குழப்பத்தை விளக்கிக்கொண்டே இருக்கிறார். நமக்கு இலவசம் வேறு சொல், கட்டற்றது வேறு சொல். இலவசமாகக் கிடைக்கும் கைப்பேசிச் செயலி முழுக்கக் கட்டுப்பட்டதாக இருக்கலாம். பணம் கொடுத்து எழுதச் செய்த மென்பொருள் முழுக்கக் கட்டற்றதாக இருக்கலாம், கோஹாவே அதற்குச் சான்று. ஸ்டால்மன் 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார், 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். இன்று அந்த அமைப்பு தரும் வரையறையில் நான்கு உரிமைகள் உள்ளன. எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்து மாற்றலாம். பிரதி எடுத்துப் பிறருக்குத் தரலாம். மாற்றிய பிரதியையும் தரலாம். படிப்பதற்கும் மாற்றுவதற்கும் மூல நிரல், அதாவது நிரலாளர் எழுதிய வடிவிலேயே உள்ள நிரல், கையில் இருக்க வேண்டும். அதனால்தான் இதைத் திறமூலம் என்றும் அழைக்கிறோம்.

நம் சங்கத்தில் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையே, மூல நிரலை வைத்து என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வீட்டு மின்கம்பிகளை நாமே மாற்றுவதில்லை, ஆனால் நமக்குப் பிடித்த மின்பணியாளரை அழைக்கும் உரிமை நம்மிடம் இருக்கிறது. வீட்டைக் கட்டியவரைத் தவிர வேறு யாரும் சுவரைத் தொடக்கூடாது என்றொரு சட்டம் இருந்தால், அவர் கேட்டதுதான் கூலி. மூடிய மென்பொருளில் நிலைமை அதுதான். பழுதானாலும், புதிய வசதி வேண்டுமானாலும், ஒரே வாசலில்தான் போய் நிற்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை என்றால் இன்னொருவரிடம் போகலாம். போகாமலே இருந்தாலும், போக முடியும் என்பதே பேரத்தில் அமைப்பின் கையை ஓங்கச் செய்கிறது.

பணம் பற்றிப் பேசும்போது உரிமக் கட்டணம் மிச்சம் என்பதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மிச்சம் உண்மையானதுதான், ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமம் வாங்கும் அமைப்புகளுக்கு அது சிறிய தொகையும் அன்று. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பணம் எந்தத் திசையில் போகிறது என்பது. உரிமத்துக்குச் செலுத்தும் தொகை ஒவ்வோர் ஆண்டும் தொலைவில் உள்ள ஒரு கணக்கில் போய்ச் சேர்கிறது, அடுத்த ஆண்டு மீண்டும் அதே தொகையை, பெரும்பாலும் கூடுதலாகவே, செலுத்த வேண்டும். அதே தொகையைக் கட்டற்ற மென்பொருளை நிறுவவும், பழைய தரவை மாற்றவும், ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கவும் செலவிட்டால், அது பக்கத்தில் இருக்கும் ஒருவரின் ஊதியமாகிறது. அவர் கற்றுக்கொண்டது ஊரிலேயே இருக்கிறது. அடுத்த தெருவில் உள்ள பள்ளிக்கு அதே வேலை வரும்போது அவரே போய்ச் செய்து கொடுக்கிறார். அந்த வேலைக்காக அவர் யாரிடமும் முகவர் அனுமதி பெற வேண்டியதில்லை.

ஆகவே, செலவே இல்லை என்று சொல்லி யாராவது ஓர் அமைப்பைக் கட்டற்ற மென்பொருளுக்கு இழுத்தால், அவர் அந்த அமைப்புக்கும் மென்பொருளுக்கும் சேர்த்தே கேடு செய்கிறார். பயிற்சிக்குப் பணம் ஒதுக்காமல் ஒரே இரவில் எல்லாக் கணினிகளையும் மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் ரசீது அடிக்கத் தெரியாமல் திணறும் ஊழியரைப் பார்த்து ‘பழகிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால், மூன்றே மாதத்தில் பழைய மென்பொருள் திரும்பி வந்துவிடும். கூடவே, ‘அதெல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்ற முடிவும் வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

இந்த இடத்தில் மூனிக் நகரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2003 மே மாதத்தில் அந்த ஜெர்மன் நகரமன்றம் தன் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்ற முடிவெடுத்தது. வாக்கெடுப்புக்கு முன்பாக மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மரே நேரில் வந்து மேயரிடம் பேசிப் பார்த்தார். ஒரு நகராட்சியின் முடிவு அந்த அளவுக்குப் பொருட்படுத்தப்பட்டது. பத்தாண்டுப் பணிக்குப் பின் 2013-இல் 14,000-க்கும் மேற்பட்ட மேசைக் கணினிகள் ‘லிமக்ஸ்’ என்ற தங்கள் சொந்த வழங்கலில், அதாவது தங்களுக்கேற்பத் தொகுத்த லினக்ஸ் பதிப்பில், இயங்கின. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகர நிர்வாகம் கணக்குக் காட்டியது. பிறகு ஆட்சியாளர்கள் மாறினார்கள். 2017 நவம்பரில் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப நகரமன்றம் வாக்களித்தது. 2020-இல் அமைந்த புதிய கூட்டணி, இயன்ற இடமெல்லாம் திறமூலமே என்று தன் உடன்பாட்டில் எழுதிக்கொண்டது.

மூனிக்கை வெற்றியாகக் காட்டுவோரும் தோல்வியாகக் காட்டுவோரும் அவரவருக்கு வேண்டிய ஆண்டில் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள். முழுதாகப் பார்த்தால் தெரிவது வேறு. அங்கே லினக்ஸ் வேலை செய்தது. வேலை செய்யாதது நகரத்தின் கணினி நிர்வாகம்: துறைக்குத் துறை சிதறிக் கிடந்த தொழில்நுட்பப் பிரிவுகள், புகார் சொன்னால் யார் கேட்பார் என்று தெரியாத ஊழியர்கள், வெளியிலிருந்து வேறு வடிவத்தில் வந்து குவியும் ஆவணங்கள். அச்சுப்பொறி ஓடாவிட்டாலும் ‘இந்த லினக்ஸால்தான்’ என்று சொல்ல ஒரு பெயர் கிடைத்துவிட்டது. தலைமையில் இருப்பவர்களின் ஆதரவு தேர்தலுக்குத் தேர்தல் மாறுமென்றால், எந்த மென்பொருள் மாற்றமும் அந்தரத்தில் தொங்கும். சிறிய அமைப்புக்கும் இது பொருந்தும். செயலாளர் ஒருவரின் ஆர்வத்தில் மட்டும் நிற்கும் மாற்றம் அவருடைய பதவிக்காலத்தோடு முடிந்துபோகும். செயற்குழுத் தீர்மானமாகப் பதிவாகியிருந்தால் நிற்கும்.

அடுத்தது பதிவேடு. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

ஓர் அமைப்பின் உயிர் அதன் ஆவணங்களில் இருக்கிறது. உறுப்பினர் பட்டியல், கணக்கு, தீர்மானப் புத்தகம், நிழற்படங்கள், கடிதங்கள். காகிதத்தில் இருந்தவரை கறையானுக்கும் ஈரத்துக்கும் மட்டும் பயப்பட்டோம். கணினிக்கு வந்த பிறகு, எழுதிய மென்பொருள் இல்லாவிட்டால் எழுதியதைப் படிக்கவே முடியாது என்ற புதிய பயமும் சேர்ந்துகொண்டது. தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்று இருந்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்த மலர் இன்னொரு கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். டிஸ்கி, டேப், டாம் என்று தரங்கள் வந்தபிறகும் தீராத அந்தத் தொல்லை, திறந்த பொதுத் தரமான யூனிகோடு பரவியபோதுதான் அடங்கியது. அந்தக் காலத்துக் கோப்புகளைக் குறுந்தகடுகளில் வைத்துக்கொண்டு, திறக்க வழியில்லாமல் இருக்கும் அமைப்புகள் இன்னும் உண்டு.

எழுத்துருவில் நடந்தது கோப்பு வடிவத்திலும் நடக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த வடிவத்தில் கணக்கை எழுதினால், அந்தக் கணக்கின் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. சந்தா கட்டுவதை நிறுத்தினால், உங்கள் பத்தாண்டுக் கணக்கைப் பார்க்க நீங்களே அனுமதி கேட்க வேண்டிய நிலை வரலாம். திறந்த ஆவண வடிவம் எனப்படும் ஓடிஎஃப் 2006-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் இலக்கணம் முழுவதும் வெளியிடப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கும் நிரலை எழுதலாம். பகிரவும் திருத்தவும் வேண்டிய ஆவணங்களுக்கு பிரிட்டன் அரசு 2014-இல் இதையே தரமாக அறிவித்தது. மென்பொருளை மாற்ற இப்போது இயலாத அமைப்பும் இந்த ஒன்றைச் செய்யலாம். பழைய மென்பொருளிலேயே வேலை பார்க்கட்டும், ஆனால் ஆண்டு முடிவில் பதிவேடுகளின் ஒரு பிரதியைத் திறந்த வடிவத்தில் எடுத்து வைக்கட்டும். பட்டியல்களுக்கு, விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் வெறும் சிஎஸ்வி கோப்பே போதும்.

கட்டற்ற மென்பொருளைச் செய்தவர்களும் ஒருநாள் கைவிட்டுவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை, கடிதமும் கணக்கும் எழுத உதவும் லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் வரலாற்றிலேயே இருக்கிறது. அது முதலில் ஸ்டார் டிவிஷன் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் விற்பனைப் பொருள். 1999-இல் சன் நிறுவனம் அதை வாங்கி, 2000-இல் மூல நிரலைத் திறந்து ஓப்பன் ஆபிஸ் என்று வெளியிட்டது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரின் போக்கைக் கண்டு கவலைப்பட்ட பங்களிப்பாளர்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்து, ஆவண அறக்கட்டளையைத் தொடங்கி, லிப்ரே ஆபிஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மூன்று உரிமையாளர்கள் மாறியும், ஓர் ஊர்ச் சங்கத்தில் அமர்ந்து கடிதம் அடிப்பவருக்கு மாறியது பெரும்பாலும் திரையில் தெரியும் பெயர்தான். அவருடைய கோப்புகளில் பெரும்பாலானவை அப்படியே திறந்தன. மூடிய மென்பொருளை இன்னொரு நிறுவனம் வாங்கி நிறுத்திவிட்டால், பயனர் கையில் மிஞ்சுவது ஓர் அறிவிப்பு மின்னஞ்சல் மட்டும்.

மொழி விஷயத்தில் சிறிய சமூகங்கள் பெறும் பயன் பெரிது. 1998-இல் ஐஸ்லாந்து நாடு தன் மொழியில் விண்டோஸ் வேண்டும் என்று கேட்டபோது, அங்கே சந்தை மிகச் சிறியது என்று மைக்ரோசாஃப்ட் முதலில் மறுத்தது. மறு ஆண்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது என்பது வேறு கதை. தன் மொழியில் கணினி பார்ப்பதற்கு ஒரு நாடே விண்ணப்பம் போட வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். கட்டற்ற மென்பொருளில் விண்ணப்பிக்க ஆளே இல்லை. மொழிபெயர்ப்புக் கோப்பை எடுத்து உட்கார்ந்து பெயர்க்க வேண்டியதுதான். தமிழ் இடைமுகத்தோடு லிப்ரே ஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் கிடைப்பதற்கு அப்படி உட்கார்ந்து பெயர்த்த தன்னார்வலர்களே காரணம். கலைச்சொல் பிடிக்கவில்லையென்றால் மாற்றம் பரிந்துரைக்கலாம். ஒரு கூட்டுறவுச் சங்கம் ‘பங்குதாரர்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘அங்கத்தினர்’ என்று தன் மென்பொருளில் இருக்க வேண்டும் என விரும்பினால், தன் பிரதியில் உடனே மாற்றிக்கொள்ளலாம். இது அற்பமான விஷயமாகத் தோன்றலாம். நாள் முழுதும் அந்தத் திரையைப் பார்த்து வேலை செய்யும் எழுத்தரிடம் கேளுங்கள்.

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதூரா இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. அந்நாட்டின் பின்தங்கிய பகுதிகளில் ஒன்றான அது, 2002-இல் லினெக்ஸ் என்ற தன் சொந்த லினக்ஸ் வழங்கலை வெளியிட்டது. உரிமத்துக்குப் போகாத பணம் கணினிகளுக்குப் போனது, மேல்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவர்களுக்கு ஒரு கணினி என்று வைக்க முடிந்தது. மென்பொருள்களுக்குத் தங்கள் மண்ணின் முன்னோர் பெயர்களையே சூட்டினார்கள். படம் வரையும் மென்பொருளுக்கு ஓவியர் சுர்பரானின் பெயர், எழுதும் மென்பொருளுக்குக் கவிஞர் எஸ்ப்ரான்செதாவின் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது: பக்கத்து மாநிலமான அந்தலூசியா, எக்ஸ்ட்ரெமதூராவின் வேலையை எடுத்து, அதன் மேல் குவாதலினெக்ஸ் என்ற தன் வழங்கலை அமைத்துக்கொண்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பார்சிலோனா மாநகராட்சி 2016-இல் குடிமக்களின் கருத்துகளைக் கேட்கத் தொடங்கிய ‘டெசிதிம்’ என்ற தளத்தையும் பின்னர் பல நகரங்களும் கூட்டமைப்புகளும் எடுத்துக்கொண்டன. ஓர் உள்ளூர் அமைப்பு தனக்காகச் செய்தது இன்னோர் ஊருக்கு அப்படியே பயன்படுவது இந்த உரிமங்கள் இல்லாமல் நடக்காது. பக்கத்துப் பக்கத்து நகராட்சிகள் ஒரே வேலைக்குத் தனித்தனியே பணம் கட்டுவதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

பழைய கணினிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத, மற்றபடி நன்றாக ஓடுகின்ற எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் பழையவை ஆயின. அவற்றில் இலகுவான லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவினால் கடிதம், கணக்கு, இணையம் எல்லாம் இன்னும் சில ஆண்டுகள் தடையின்றி ஓடும். நன்கொடையாக வந்த கணினிகளை நம்பியிருக்கும் அமைப்புகளுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பேசத் தயங்கும் ஒன்றையும் பேசிவிட வேண்டும். பல சிறு அமைப்புகளில் இன்று ஓடுவது விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் அன்று, கட்டற்ற மென்பொருளும் அன்று. யாரோ ஒருவர் போட்டுக் கொடுத்த திருட்டுப் பிரதி. பிடிபட்டுவிடுவோமோ என்று புதுப்பிப்புகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். பூட்டை உடைக்க வந்த சிறு நிரலோடு வேறு என்ன உள்ளே வந்தது என்பது யாருக்கும் தெரியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளே சிக்கின. உறுப்பினர்களின் முகவரியையும் நோயாளிகளின் விவரங்களையும் அப்படிப்பட்ட கணினியில் வைத்திருப்பது அவர்கள் நம்மீது வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகம். இதைக் கடுமையாகவே சொல்கிறேன். கட்டற்ற மென்பொருளுக்கு வந்தால் முதல் நாளே கிடைக்கும் பயன், ஒளிக்க வேண்டிய தேவை இல்லாமல் போவது. சான்றிதழ் கேட்டுத் தணிக்கையாளர் வந்தாலும் நேராக நிமிர்ந்து பதில் சொல்லலாம்.

கட்டற்றது என்பதாலேயே பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. நிரல் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், ஆனால் யாராவது உண்மையில் உட்கார்ந்து சோதிக்க வேண்டுமே. 2014 ஏப்ரலில், இணையத் தொடர்புகளை மறையாக்கிப் பாதுகாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது உலகம் அதிர்ந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான். 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ளக்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. களைத்துப்போயிருந்த தனியொரு பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சிறுகச் சிறுகப் பெற்று உள்ளே புகுந்திருந்தார்கள். ஆந்திரேஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைப் பொருட்படுத்தித் தேடியதால்தான் அது பெரிதாகப் பரவுமுன் சிக்கியது. நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் தேட முடிந்தது என்பது உண்மை. பாதுகாப்பவர் ஒருவராகவே விடப்பட்டிருந்தார் என்பதும் அதே அளவு உண்மை. பயன்படுத்தும் அமைப்புகள் மிச்சமான உரிமக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கையாவது அந்தத் திட்டங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பணம் இல்லையென்றால் பிழையறிக்கை, மொழிபெயர்ப்பு, பயன்பாட்டுக் குறிப்பு என்று எழுதித் தரலாம்.

எங்கிருந்து தொடங்குவது? பிரான்சின் ஜான்டார்மரி காவல் படை செய்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. அவர்கள் 2005-இல் விண்டோஸிலேயே ஓப்பன் ஆபிஸை நிறுவினார்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும் வந்தன. ஊழியர்கள் இவற்றில் பழகிய பிறகே, 2008 முதல், அடியில் இருந்த இயங்குதளத்தை உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலுக்கு மாற்றத் தொடங்கினார்கள். அன்றாடம் தொடும் மென்பொருள்கள் அப்படியே இருந்ததால் அடித்தளம் மாறியது பலருக்குப் பெரிய அதிர்ச்சியாக இல்லை. சிறிய அமைப்பும் இதையே செய்யலாம். இணையவழிக் கோப்புச் சேமிப்புக்கு நெக்ஸ்ட்கிளவுட், பாடங்களுக்கு மூடுல், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், உறுப்பினர் நிர்வாகத்துக்கு சிவிசிஆர்எம் என்று பழகிய மென்பொருள்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் வேண்டியதில்லை. எது அதிகம் வலிக்கிறதோ அதை முதலில் மாற்றலாம். சில இடங்களில் மாற்றாமல் விடுவதும் சரியே. அரசுத் துறை ஒன்று குறிப்பிட்ட மூடிய மென்பொருளில்தான் கணக்குத் தர வேண்டும் என்றால், அதற்கென ஒரு கணினியை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைக் கவனிப்பதே அறிவுடைமை.

மாற்றத்தில் நான் பார்க்கும் பெரிய ஆபத்து தொழில்நுட்பம் சார்ந்தது அன்று. அமைப்பில் கணினி தெரிந்த ஒருவர் ஆர்வத்தோடு எல்லாவற்றையும் நிறுவுவார். சர்வரின் கடவுச்சொல் அவரிடம், பேக்கப் எங்கே போகிறது என்பது அவருடைய நினைவில். அவர் வேலை மாறிப் போய்விட்டால் ஒரு நிறுவனத்திடம் கட்டுண்டு கிடந்ததற்குப் பதிலாக ஒரு மனிதரிடம் கட்டுண்டு கிடப்போம், வேறுபாடு அவ்வளவுதான். ஆகவே வேலையைத் தன்னார்வலர் செய்தாலும் கூலிக்கு அமர்த்தியவர் செய்தாலும் எழுத்தில் சில நிபந்தனைகள் வேண்டும். அமைப்புக்காக எழுதப்படும் நிரல் கட்டற்ற உரிமத்தில் இருக்க வேண்டும், அதன் மூலப் பிரதி அமைப்பின் கையில் இருக்க வேண்டும். இணைய முகவரி செய்து கொடுத்தவர் பெயரில் இல்லாமல் அமைப்பின் பெயரிலேயே பதிவாக வேண்டும். தரவு முழுவதையும் திறந்த வடிவத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிய வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை உண்மையிலேயே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். எப்படி நிறுவப்பட்டது, எங்கே என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி, கடவுச்சொற்களோடு மூடிய உறையில் வைத்து, தீர்மானப் புத்தகம் இருக்கும் அதே பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். புதிய செயலாளர் பொறுப்பேற்கும் நாளில் சாவியோடு சேர்த்து அந்த உறையும் கைமாற வேண்டும்.